நல்ல வானிலை

ரேடியோவில் அந்தப் பெண் சிரித்தபடி சொன்னாள்:
வலே பள்ளத்தாக்கில் வார இறுதி முழுவதும்
முகிலில்லை, மழையில்லை,
வடகாற்று மாலையோடு அடங்கும்,
மலையேறுகிறவர்கள் வெயில் கண்ணாடியை மறக்க வேண்டாம்.
பிறகு, பாட்டுக்கு முன், ஒரே மூச்சில்:
தாழ்வான இடங்களில், தரைக்குப் பக்கத்தில், மைனஸ் நான்கு.

ஒடில் வூய்யோ முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள்.
அவளுக்கு அந்தக் கடைசி வரி மட்டும்தான் வானிலை.

சாக்சோனில் அப்ரிகாட் பூத்து முடிந்து பத்து நாள்.
பிஞ்சுகள் சட்டைப் பொத்தானிலும் சின்னவை,
காய்ந்த இதழ் இன்னும் தலையில் ஒட்டியிருக்கிறது.
முகில் ஒரு போர்வை என்று
இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.
வானம் வெளித்திருந்தால்
பகலில் வாங்கிய சூட்டையெல்லாம்
மண் இரவோடிரவாகத் திருப்பிக் கொடுத்துவிடும்,
யாரும் கேட்காமலே.

இருபத்தாறு நாளாக ஒரு துளி இல்லை.
கொம்யூன் கடிதம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கடியில்:
வாய்க்கால் தண்ணீர் பாதித் தோட்டத்துக்கு மட்டும்.
எந்தப் பாதி என்று எழுதவில்லை.
ஒடில் அதன் முதுகிலேயே படம் போட்டாள்.
மேட்டு வரிசைகளுக்குத் தண்ணீர்.
பள்ளத்து வரிசைகளுக்கு மெழுகு டின், நூற்றெண்பது.
நடுவில் பதினொரு மரம்.
பென்சில் அங்கே வந்து நின்றது,
பிறகு மேசையை விட்டு எழுந்துபோனாள்.

மூன்று பத்துக்குப் போன் அலறியது.
மைனஸ் ஒன்று புள்ளி எட்டு, இறங்குகிறது.
லுர்தெஸ் பம்பைத் திறந்தாள்.
தண்ணீர் சுழன்று சுழன்று பிஞ்சில் விழுந்து
விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிறது.
உறையும் தண்ணீர் கொஞ்சம் சூடு விடுமாம்,
அந்தக் கொஞ்சத்தில்தான் உள்ளே உயிர்.
தெளிப்பதை இடையில் நிறுத்தினால் சாவு.
முதல் வருடம் நான் நம்பவில்லை.
தமிழில் சொல்லிப் பார்த்தேன்:
பனியைப் பனியால் தடுப்பது.
இன்னும் குழம்பியது.
புல் நுனியில் நிற்பதும் பனி, பாதையை மறைப்பதும் பனி,
கொல்வதும் பனி, மேலே படிந்து காப்பதும் பனி.
ஒடிலிடம் இதற்கு ஐந்து சொற்கள் உண்டு.
ஐந்தும் சேர்ந்து அரைப் பாகை கூட்டித் தரவில்லை.

மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்று
பள்ளியில் எழுதி முழுப்புள்ளி வாங்கியவன் நான்.
இன்று சித்திரை நான்கு.
முழங்காலில் நின்று டின் டின்னாகக் கொளுத்துகிறேன்.
மூக்கைச் சிந்தினால் கரி.

நடு மரங்களை மாசியில் நான்தான் கவாத்துப் பண்ணினேன்.
எந்தக் கிளையை ஏன் விட்டேன் என்று இப்போதும் தெரியும்.
பள்ளத்துக் கடைசி வரிசையில் ஆறு டின் எரிந்தது.
கையுறையோடு தூக்கிக்கொண்டுபோய்
நடுவில் வைத்தேன்.
ஒடில் வரப்பில் நின்று பார்த்தாள்.
"ஆறு போதாது" என்றாள்.
திட்டவில்லை, தடுக்கவுமில்லை.

விடிந்ததும் பிஞ்சுகளை நகத்தால் பிளந்தோம்.
உள்ளே பச்சை என்றால் இருக்கிறது,
கறுப்பு என்றால் இல்லை.
மேட்டில் பத்துக்கு ஒன்பது பச்சை.
நடுவில் பத்துக்கு மூன்று.
நான் டின் எடுத்த இடத்தில்
பத்துக்கு இரண்டு.
ஒடில் எல்லா எண்ணையும் ஒரே அளவு எழுத்தில்
கொப்பியில் எழுதினாள்.
"மூன்று போதும், ஜூனில் எப்படியும் பாதியைக் கிள்ளித்தான் எறிவோம்."
இரண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பனி பெய்தால் மழையில்லை, பழமிருந்தால் பூவில்லை.
வாய்க்குள் முணுமுணுத்ததை லுர்தெஸ் என்னவென்று கேட்டாள்.
சொன்னேன்.
பூவும் போய்ப் பழமும் வராத மரத்துக்கு
உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்றாள்.

டின்களை மூடி போட்டு அணைத்தோம்,
ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து.
பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மெழுகு.
மேட்டுக் கிளைகளில் பனிக்கட்டி சொட்டத் தொடங்கியது.
அடுக்களையில் அந்தக் குரல்:
அருமையான காலை,
இரவைக்கும் இதே வானிலைதான்.